ஆதியாகமத்தில் ஒரு மல்பெரிப் பழம்

அக்கா வீட்டுக்காரர் எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு செய்தி கொடுப்பார். கொஞ்ச நாளைக்கு முன் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். பின்னாலேயே போன்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளு. இது மெய்யா பொய்யான்னு பார்த்துச் சொல்லு. மெய்ன்னா அடுத்த செய்தி இதுதான்."

"எத்தனை நாள் இருக்கு அத்தான்?"

"மூணு வாரம்."

வீடியோ சொன்னது இதுதான். எபிரெய மூலத்தில் ஆதியாகமத்தின் முதல் 'தாவ்' எழுத்தில் ஆரம்பித்து ஐம்பது ஐம்பதாக எண்ணிப் போனால் தாவ், வாவ், ரேஷ், ஹே என்று நான்கு எழுத்து வரும். சேர்த்து வாசித்தால் 'தோரா', வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களுக்கு யூதர்கள் சொல்லும் பெயர். யாத்திராகமத்திலும் அப்படியே. இங்கிருந்து தாவி, இஸ்ரேல் பிரதமர் ராபின் கொலையும் இதற்குள் முன்பே எழுதியிருக்கிறது என்று பின்னணி இசையோடு முடித்துவிட்டார்கள்.

என் வேலை மென்பொருள் டெஸ்டிங். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை தேடுவதற்குத்தான் சம்பளம். நம்புவது, தள்ளுவது இரண்டையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் எண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பென்சிலும் கணக்கு நோட்டும்

எனக்கு எபிரெயம் தெரியாது. 22 எழுத்தை அடையாளம் கண்டால் இந்த வேலைக்குப் போதும். அதற்கு இரண்டு சாயங்காலம் ஆனது. தாலெத்தையும் ரேஷையும் இப்போதும் மாற்றிப் போட்டுவிடுகிறேன். மேல் மூலை கூர்மையாக இருந்தால் தாலெத், மழுங்கி இருந்தால் ரேஷ், அவ்வளவுதான் வித்தியாசம்.

உயிர் ஒலிக்கான புள்ளிகள் எழுத்துக்கு மேலும் கீழும் வரும். தோராச் சுருளில் அந்தப் புள்ளிகள் கிடையாது, ஆகவே எண்ணுவதிலும் அவை சேராது. இந்த விளையாட்டு எபிரெயத்தில் இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு அதுவே பாதிக் காரணம் என்று பிறகு புரிந்தது. 22 எழுத்து, உயிர் பெரும்பாலும் எழுதுவதில்லை. எந்த மூன்றை வரிசையாக எடுத்தாலும் ஏதாவது ஒரு சொல்லாக வாசிக்க வாய்ப்பு அதிகம். நம் 247ஐ வைத்துக்கொண்டு, 'க', 'கி', 'கோ' எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணிப் பாருங்கள், அவ்வளவு லேசில் ஒரு சொல் தேறாது.

பையனின் கணக்கு நோட்டை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தேன். ஒரு பக்கத்தில் 50 கட்டம் கொள்ளாது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் கொள்ளும். வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக, கட்டத்துக்கு ஓர் எழுத்து, வரிக்கு 50. இடைவெளி 50 என்றால் மறைந்திருக்கும் சொல் ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும்.

எழுதுவதற்கு முன்பே அவசரப்பட்டு விரலால் எண்ணியதில் சறுக்கினேன். "50 எழுத்து விட்டு" என்று வீடியோவில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு 51ஆவதுக்குப் போனேன். முதல் தாவ் 6ஆவது எழுத்து. 57ஆவதில் மேம் வந்தது. பொய் என்று அப்போதே போன் பண்ணியிருப்பேன், நல்ல வேளை பண்ணவில்லை. நடுவில் 49ஐ விட்டு 50ஆவதை எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஜூனியர்கள் செய்கிற தப்பு.

சரி, நான்கு வரி எழுதினேன். 6ஆவது எழுத்து, 'ஆதியிலே' என்று பொருள்படும் 'பெரெஷீத்' சொல்லின் கடைசி தாவ். 56ஆவது, 'ஆழம்' என்ற 'தெஹோம்' சொல்லின் நடுவில் உள்ள வாவ். 106ஆவது, தேவன் வெளிச்சத்தை நல்லதென்று 'கண்டார்' என்னும் இடத்தில் ஒரு ரேஷ். 156ஆவது, ஐந்தாம் வசனத்தில் 'எலோஹிம்' சொல்லின் ஹே. வலமிருந்து ஆறாவது பத்தியில் நான்கும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

மணி ஒன்றே கால். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோ சொன்னது உண்மை.

அடுத்த ராத்திரி யாத்திராகமம். முதல் தாவ் 8ஆவது எழுத்து. 58 வாவ், 108 ரேஷ், 158 ஹே. அதுவும் சரி. எனக்குக் கொஞ்சம் படபடப்பாகவே இருந்தது. லேவியராகமத்தில் முதல் தாவ் 53ஆவது எழுத்து, 103இல் வாவ் வர வேண்டும். யோத் வந்தது. இரண்டு தடவை எண்ணினேன், யோத்துதான்.

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஆள் சத்தமில்லாமல் விதியை மாற்றியிருக்கிறார். லேவியராகமத்தில் தேட வேண்டியது தோரா இல்லையாம், யோத்-ஹே-வாவ்-ஹே என்ற தேவ நாமமாம். இடைவெளி 50 இல்லை, 8. எண்ணினேன்: 2 யோத், 10 ஹே, 18 வாவ், 26 ஹே. வருகிறது. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. அந்த நாமத்தின் கூட்டுத்தொகையும் 26 என்பது வீடியோக்காரர் கவனிக்காத போனஸ்.

எண்ணாகமத்தில் மறுபடி 50, ஆனால் சொல் தலைகீழ்: ஹே, ரேஷ், வாவ், தாவ். ஆரம்பிப்பது முதல் ஹேயில் இல்லை. 7ஆவது எழுத்திலும் 9ஆவதிலும் உள்ள ஹேக்களைத் தாண்டி, 14ஆவதில், மூன்றாவதாக மோசேயின் பெயரில் வரும் ஹேயில்தான் ஆரம்பிக்கிறார்கள். 64, 114, 164 எல்லாம் சரியாக விழுகின்றன. உபாகமத்தில் இன்னும் தாராளம். முதல் நான்கு வசனங்களை அப்படியே விட்டுவிட்டு, ஐந்தாம் வசனத்தில் 'ஹத்தோரா' என்ற சொல்லின் முதல் ஹேயில் தொடங்கி, தலைகீழாக, அதுவும் 50க்குப் பதில் 49 இடைவெளியில். அதையும் எண்ணினேன், எட்டாம் வசனத்தில் தாவ் கிடைத்து முடிகிறது.

இதை ஆதரிப்பவர்கள் வரைந்து காட்டும் படம் அழகானது. முதல் இரண்டு புத்தகத்தில் 'தோரா' முன்னோக்கி, கடைசி இரண்டில் பின்னோக்கி, நடுவில் தேவ நாமம். நான்கு பக்கமும் நடுவைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிற மாதிரி. 49க்கும் 50க்கும் காரணம் கேட்டால், ஏழேழு வருஷம் முடிந்து வரும் ஐம்பதாவது யூபிலி வருஷத்தைக் காட்டுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. என் தொழிலில் இந்த மாதிரிக் காரணங்களைக் கேட்டால் காது சிவக்கும். டெஸ்ட் ஃபெயில் ஆன பிறகு 'எதிர்பார்த்த விடை' கட்டத்தைத் திருத்தி எழுதுகிற டீமை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் இதை முதலில் எண்ணிய மனிதரை அந்த வரிசையில் வைக்க மனசு வரவில்லை. இடைவெளி வைத்து எண்ணுவது பழைய பழக்கம். 14ஆம் நூற்றாண்டில் இறந்த ஸ்பெயின் ரப்பி (யூத மத ஆசான்) பஹ்யா பென் ஆஷேர், ஆதியாகமத்தில் 42 எழுத்து இடைவெளியில் யூத நாட்காட்டி பற்றிய குறிப்பு இருப்பதாக எழுதியிருக்கிறார். 20ஆம் நூற்றாண்டில் இதைத் தோண்டியவர் ஸ்லோவாக்கியாவின் ரப்பி மிக்கேல் பேர் வைஸ்மாண்டல். இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காப்பாற்ற லஞ்சம், கடிதம் என்று கிடைத்த வழியெல்லாம் முயன்றவர். 1944இல் ஆஷ்விட்ஸுக்குப் போன ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார். மனைவி, பிள்ளைகள் தப்பவில்லை. 1957இல் இறந்தார், அவர் எண்ணி வைத்ததை மாணவர்கள் அடுத்த வருஷம் புத்தகமாக்கினார்கள். கணினி இல்லாத காலம்; அவரும் கட்டம் போட்டுத்தான் எழுதினார் என்பார்கள். நோட்டில் என் பென்சில் தேய்ந்த அழுக்கைப் பார்த்தபோது அவர் ஞாபகம் வந்தது.

ஐந்து டெஸ்ட்டும் பாஸ், புரோகிராமில் மூன்று பிழை

கையால் 200 எழுத்து எண்ணலாம். மற்றதற்கு லேப்டாப். இணையத்தில் எபிரெய வேதத்தின் லெனின்கிராட் கையெழுத்துப் பிரதி கோப்பாகவே கிடைக்கிறது. 1008ஐ ஒட்டி எழுதி முடித்த பிரதி, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் இருக்கிறது. பைத்தானில் முப்பது வரி எழுதினேன். புள்ளிகள், இசைக் குறிகள், வசன எண், இடைவெளி எல்லாவற்றையும் உதிர்த்து, எழுத்துகளை ஒரே நீள வடமாக்கு. இடைவெளி 50 என்றால் வடத்தை 50 இழையாகப் பிரி, ஒவ்வொரு இழையிலும் சொல்லைத் தேடு. பின்னோக்கிப் பார்க்க வடத்தைத் திருப்ப வேண்டாம், சொல்லைத் திருப்பினால் போதும்.

கையால் எண்ணிய ஐந்தையும் டெஸ்ட்டாகக் கொடுத்தேன். ஐந்தும் பாஸ். டீ போடப் போனேன்.

திரும்பி வந்து ஆசைக்கு 'இட்ஸ்ஹாக் ராபின்' என்று தேடினால் பூஜ்யம். உலகமே பேசிய குறியீடு என் கணினியில் மட்டும் இல்லை. நோண்டியதில் முதல் பிழை அகப்பட்டது. எபிரெயத்தில் ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வந்தால் வேறு உருவம். கணினிக்கு அவை வேறு எழுத்துகள். 'ராபின்' கடைசியில் இருப்பது இறுதி நூன். மறைசொல்லில் எந்த நூனும் வரலாம், ஆகவே 27 உருவத்தையும் 22ஆகச் சுருக்க வேண்டும். நான் சுருக்கவில்லை. தோராவின் நான்கு எழுத்துக்கும் தேவ நாமத்தின் எழுத்துகளுக்கும் இறுதி உருவமே கிடையாது. அதனால் டெஸ்ட்டுகளில் இது தலைகாட்டவே இல்லை.

சந்தேகம் வந்தபின் மொத்த எழுத்தை எண்ணினேன். இந்த மாதிரிக் குறியீடு தேடும் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் பயன்படுத்துவது எருசலேமின் கோரன் பதிப்பு. அதில் ஆதியாகமம் 78,064 எழுத்து, ஐந்தாகமமும் சேர்த்து 3,04,805. எனக்கு ஆதியாகமத்திலேயே ஏகப்பட்டது கூட வந்தது. காரணம் சிரிப்பை வரவழைத்தது. பத்தி பிரியும் இடங்களைக் காட்ட, அச்சுப் பதிப்புகளில் 'பே' அல்லது 'ஸாமெக்' என்று ஓர் எழுத்தைப் போடுவார்கள். மரபுக் கணக்குப்படி ஆதியாகமத்தில் 'பே' போடும் திறந்த பத்தி 43, 'ஸாமெக்' போடும் மூடிய பத்தி 48. இந்தக் குறிகளை என் புரோகிராம் வேத எழுத்தாகவே விழுங்கியிருக்கிறது. ஆதியாகமத்தின் முதல் 'பே' ஐந்தாம் வசனம் முடிந்த பிறகுதான் வருகிறது. என் டெஸ்ட்டோ 156ஆவது எழுத்தில், அதே ஐந்தாம் வசனத்துக்குள் முடிந்துவிடுகிறது! மற்ற நான்கும் அதே மாதிரி முதல் பத்தி முறிவுக்கு முன்பே முடிந்தவை.

மூன்றாவது பிழை, எழுதியிருப்பது ஒன்று, வாசிக்க வேண்டியது ஒன்று என்று மரபு சொல்லும் சில சொற்கள். கோப்பில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

எல்லாம் திருத்திய பிறகும் மொத்தம் 3,04,805உடன் ஒட்டவில்லை, கொஞ்சம் தள்ளியே நின்றது. நாலாவது பிழை என்று ஒரு சனிக்கிழமையை வீணாக்கினேன். பிழை இல்லை. பிரதிகளே வேறு. எபிரெயத்தில் ஒரே சொல்லை வாவ் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். பொருளும் உச்சரிப்பும் மாறாது. லெனின்கிராட் பிரதியில் ஒரு மாதிரி, கோரனில் ஒரு மாதிரி. இன்று யேமன் யூதர்களின் தோராச் சுருளும் மற்றவர்களுடையதும் 9 எழுத்தில் வேறுபடுகின்றன. வாசிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. 4,000, 5,000 எழுத்துக்கு ஒன்று என்று எட்டி எட்டிக் கோக்கிற பெயருக்கோ, நடுவில் ஒரு வாவ் கூடினாலே கதை முடிந்தது.

குறியீடுகளை ஏற்காத யூத அறிஞர்களின் பழைய வாதமும் இங்கேதான் நிற்கிறது. அதற்கு, பழைய ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே சாட்சி இருக்கிறது. 'கித்துஷின்' பகுதியில், லேவியராகமம் 11:42இல் வரும் 'காஹோன்' சொல்லின் வாவ்தான் தோராவின் நடு எழுத்து என்று பழைய மரபு சொல்லப்படுகிறது. எண்ணிச் சரிபார்த்துவிடலாமே என்று பேச்சு வரும்போது, வாவ் கூட்டியும் குறைத்தும் எழுதும் விஷயத்தில் அவர்கள் வல்லவர்கள், நாம் வல்லவர்கள் இல்லை என்று பதில் வருகிறது. இன்றைய பதிப்பில் எண்ணினால் நடு எழுத்து அந்த வாவிலிருந்து சில ஆயிரம் எழுத்து தள்ளி விழுகிறது. எழுத்துக்கு எழுத்து சீனாய் மலையில் கொடுத்தபடியே நம் கையில் இருக்கிறது என்று குறியீட்டுக்காரர்கள் சொல்லும்போது, தல்மூதின் ரப்பிகள் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை என்பதை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1,800இல் ஒன்று

கோரன் எழுத்தமைப்பில் ஒரு கோப்பைத் தேடிப் பிடித்து, எண்ணிக்கை 3,04,805 என்று வந்த பிறகுதான் உண்மையான கேள்விக்கு வந்தேன். கணக்கு நோட்டில் கண்டது எவ்வளவு ஆச்சரியம்?

தோராவில் 100 எழுத்துக்கு வாவ் சுமார் 10, ஹே சுமார் 9, ரேஷும் தாவும் தலைக்கு சுமார் 6. முதல் தாவை எடுத்தாயிற்று. குறிப்பிட்ட மூன்று இடங்களில் வாவ், ரேஷ், ஹே விழ வேண்டும். பெருக்கினால் சுமார் 1,800இல் ஒரு வாய்ப்பு. ஆதியாகமம், யாத்திராகமம் இரண்டிலும் விழ 32 லட்சத்தில் ஒன்று. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அன்று தூக்கம் வரவில்லை, அதை மறைப்பானேன்.

மறுநாள் பேருந்தில் போகும்போது எதிர்க்கணக்கு போட்டேன். வைஸ்மாண்டல் 'தோரா'வை மட்டும்தான் தேடினாரா? இஸ்ரவேல், மோசே, சமாதானம், சத்தியம், தேவ நாமங்கள் என்று சாதாரணமாக 20 சொல்லாவது தேடத் தகுந்தவை. இடைவெளி 100 வரை போகலாம். திசை இரண்டு. ஆரம்பிக்கும் இடம் முதல் எழுத்து, மூன்றாவது எழுத்து, ஐந்தாம் வசனம் என்று ஐந்து விதம் வைத்துக்கொள்வோம். அவர்களே இதில் மூன்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 20 x 100 x 2 x 5, மொத்தம் 20,000 வழி. 32 லட்சம் இப்போது 160இல் ஒன்றாகச் சுருங்கியது. ஐந்து புத்தகத்தில் எந்த இரண்டு பொருந்தினாலும் "பார்த்தாயா" என்றுதான் சொல்லியிருப்போம். அப்படி 10 ஜோடி. 16இல் ஒன்று. ஆச்சரியம்தான். அற்புதம் இல்லை.

அது கைக்கணக்கு. கணினியிலும் சரிபார்த்தேன். ஆதியாகமத்தின் 78,064 எழுத்தையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, 50 இடைவெளியில் 'தோரா' எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். கலைத்ததில் ஒரு தடவை 1, ஒரு தடவை 4, இன்னொரு தடவை 2. நூறு தடவை கலைத்தால் சராசரி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே நின்றது. அர்த்தமே இல்லாத எழுத்துக் குவியலிலும் இடைவெளிக்கு இரண்டு மூன்று தோரா கிடக்கிறது. இடைவெளி 1,000 வரை இரண்டு திசையிலும் போனால் நாலாயிரத்தைத் தாண்டுகிறது.

மல்பெரி கிடைத்தது இந்தச் சமயத்தில்தான். அதே முதல் தாவில் ஆரம்பித்து, இடைவெளியை மட்டும் 50க்குப் பதில் 16 ஆக்கினேன். 6ஆவது தாவ், 22ஆவது வாவ், 38ஆவது தாவ். 'தூத்'. அகராதியில் பார்த்தால் மல்பெரிப் பழம்; இன்றைய இஸ்ரேலில் ஸ்ட்ராபெரியையும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். வட இந்தியக் கடைகளில் 'ஷஹ்தூத்' என்கிறார்களே, அந்தத் தூத்தேதான். சிருஷ்டிப்பின் முதல் இரண்டு வசனத்துக்குள், முதல் தாவிலிருந்தே ஒரு மல்பெரி. நோட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். ஏதேன் தோட்டத்துக் கனி எது என்று ஒரு புத்தகமே எழுதலாம்.

ராபின், ரிப்ஸ், ஒரு திமிங்கிலம்

இந்த விவகாரத்தில் எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1994இல் டோரோன் விட்ஸ்டம், எலியாஹு ரிப்ஸ், யோவாவ் ரோசன்பெர்க் மூவரும் 'ஸ்டாடிஸ்டிகல் சயின்ஸ்' என்ற புள்ளியியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரிப்ஸ் எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தின் மதிப்புள்ள கணிதவியலராக இருந்தவர். 32 புகழ்பெற்ற ரப்பிகளின் பெயர்களும் அவர்களின் பிறந்த அல்லது இறந்த தேதிகளும் ஆதியாகமத்தில் சம இடைவெளி வரிசைகளாக ஒன்றுக்கொன்று அருகில் வருகின்றன என்பது அவர்கள் வாதம். தேதிகளை ஆள் மாற்றிப் போட்டு லட்சக்கணக்கான முறை ஒப்பிட்டார்கள். சரியான ஜோடிகள் தற்செயலாக அவ்வளவு நெருங்க வாய்ப்பு 0.000016 என்றார்கள். 'போரும் அமைதியும்' நாவலின் எபிரெய மொழிபெயர்ப்பில் அதே சோதனை ஒன்றும் தரவில்லை. இதழின் ஆசிரியர் அதைச் சவாலான புதிர் என்று சொல்லித்தான் வெளியிட்டார். நிரூபணம் என்று சொல்லவில்லை.

1999இல் அதே இதழில் பதில் வந்தது. பிரெண்டன் மெக்கே, ட்ரோர் பார்-நதான், மாயா பார்-ஹில்லல், கில் கலாய் நால்வர். ஓட்டை எழுத்துகளில் இல்லை, பெயர்ப் பட்டியலில் இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு ரப்பிக்குப் பல பட்டப்பெயர், பல எழுத்துக்கூட்டல். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கை விளையாட இடம் உண்டு. அதே 32 பேருக்குக் கொஞ்சம் வேறு விதமாகப் பெயர்களைத் தேர்ந்து கொடுத்தால் 'போரும் அமைதியும்' அதே அளவுக்கு 'அற்புதம்' செய்தது. நான் பேருந்தில் போட்ட கணக்கை அவர்கள் நூறு மடங்கு கவனமாகச் செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் இதைத் திறந்த மனதோடு பார்த்தவர் ராபர்ட் ஔமன், பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர், மதப் பற்றுள்ள யூதர். இரு தரப்பும் இருந்த ஒரு குழுவில் சேர்ந்து, விதிகளை முன்கூட்டியே பூட்டிவிட்டு மறுபடி சோதித்தார், குறியீடு தென்படவில்லை.

ராபின் கதை வேறு தினுசு. அமெரிக்கப் பத்திரிகையாளர் மைக்கேல் ட்ரோஸ்னின் 1997இல் எழுதிய புத்தகம் அது. ரிப்ஸும் விட்ஸ்டமும் அந்தப் புத்தகத்தோடு தங்களுக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். வீடியோவோ ரிப்ஸின் படத்தையும் ராபினையும் ஒரே திரையில் ஒட்டிவைத்திருக்கிறது. கோரன் கோப்பில் என் புரோகிராம் ராபினைக் கண்டுபிடித்தது: இடைவெளி 4,772. எட்டெழுத்துப் பெயர் இவ்வளவு பெரிய வடத்தில் எந்த இடைவெளியிலாவது ஒரு முறை வர, என் கணக்கில் சுமார் பத்தில் ஒரு வாய்ப்பு. அது குறுக்கே வெட்டும் வசனம் உபாகமம் 4:42. ட்ரோஸ்னின் அந்தச் சொற்களைக் கொலை செய்யப்போகும் கொலையாளி என்று வாசித்தார். கணினியை மூடிவிட்டு மேஜை மேல் இருந்த தமிழ் வேதாகமத்தைத் திறந்தேன். அது அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய வசனம். முன்பகை இல்லாமல், தெரியாமல் பிறனைக் கொன்றவன் ஓடிப்போய் உயிர் பிழைக்க வேண்டிய இடங்கள். 1995 நவம்பரில் நடந்தது திட்டமிட்ட கொலை. வசனத்தை வசனமாக வாசித்தாலே கட்டம் உடைந்துவிடுகிறது.

'மோபி டிக்' நாவலில் ஒரு பிரதமர் கொலையைக் கண்டுபிடித்துக் காட்டினால் விமர்சகர்களை நம்புகிறேன் என்று ட்ரோஸ்னின் சவால் விட்டார். மெக்கே தேடினார். அந்தத் திமிங்கிலக் கதைக்குள் லிங்கன், கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபின் எல்லாரும் கிடைத்தார்கள். நம் இந்திரா காந்தியும்.

மூன்றாம் வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறாவது பத்தியில் விரலை மேலிருந்து கீழே இழுத்தார். நான்கு எழுத்தையும் அவரே அடையாளம் கண்டார். எனக்குத் தெரியாமல் அவரும் எழுத்து பழகியிருக்கிறார்.

"அப்ப இது பொய் இல்லையே தம்பி. இருக்குதே."

"இருக்குது அத்தான். இதுவும் இருக்குது" என்று சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். மல்பெரி என்றதும் அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. லேவியராகமப் பக்கத்தைப் புரட்டி, 2, 10, 18, 26 என்று அவரே ஒரு தடவை எண்ணினார்.

"தாவீது ராஜா பேரு இருக்கா பாரு."

லேப்டாப்பைத் திறந்தேன். தாலெத், வாவ், தாலெத், மூன்றே எழுத்து, முன்னும் பின்னும் ஒன்றுதான். ஐந்தாகமம் முழுக்க, எல்லா இடைவெளியும் என்று கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் சாதம் முடிவதற்குள் திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மோர் ஊற்றும்போது 12 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தாவீதின் காலத்துக்கு எவ்வளவோ முந்தியவர் மோசே. அத்தான் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, நிறுத்து. அடைக்கலப் பட்டணம்னு சொன்னியே, அது எந்த அதிகாரம்?"

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து 4:42 என்று எழுதிக்கொண்டார். அந்த ஞாயிறு செய்தி அதுதான்.